பலகையில் இல்லாத நான்காவது றெட்வூட்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, அல்லது நான் அதை விட்டேன். எது முதலில் நடந்தது என்று விசாரிக்க எனக்கு இப்போது நேரமில்லை. அந்த ஐந்து வகுப்பை வைத்துக்கொண்டு நான் என்னென்ன கட்டினேன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

ஸ்காபரோவின் வெக்ஸ்போர்ட் பக்கத்தில் எட்டுப் பேர் படுத்தெழும்பிய இரண்டறை அப்பார்ட்மென்ற்றில் இருந்துகொண்டு, ஒரு பழைய வான் வண்டியையும் பனி அள்ளும் இரண்டு சவல்களையும் வைத்துப் பனி தள்ளும் கொம்பனி ஒன்றைக் கட்டினேன். பனிக்காலத்தில் பனி, கோடையில் புல். பிறகு வீட்டு முற்றங்களுக்குக் கல் பதிக்கும் வேலையையும் சேர்த்துக்கொண்டேன். ஸ்காபரோவில் நீங்கள் காரை விட்டு இறங்கிக் கால் வைக்கிற முற்றங்களில் பல என் முழங்கால் பட்டவை. அஜக்ஸில் வாங்கிய வீட்டின் நிலக்கீழ்த் தளத்தை நானே கட்டினேன். பிழை பிடிக்க வந்த நகரசபைக்காரன் ஒன்றும் அகப்படாமல் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனான். கோயில் கார் நிறுத்துமிடத்தில் மழைத்தண்ணீர் ரோட்டுப் பக்கம் ஓடும் என்று ஒரு பட்டதாரிப் பொறியியலாளர் படம் கீறிக் கொடுத்திருந்தார். அது மடைப்பள்ளிப் பக்கம் ஓடியது. அதைத் திருப்பி விட்டது நான். மூன்று பிள்ளைகள், மூன்று பட்டங்கள். அவர்கள் படித்தார்கள் என்று சனம் சொல்லும். மைனஸ் இருபதில் வெளியே நின்றது யார் என்று கேட்காது. ஆங்கிலத்தை எந்த வகுப்பிலும் படிக்கவில்லை. உப்பு மூட்டைகளின் முதுகில் எழுதியிருந்ததை வாசித்தும், கொன்ராக்ற் கடுதாசிகளின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒளித்து வைத்திருந்ததை வாசித்தும் பிடித்தேன். இனிமேல் சவல் தொடக்கூடாது என்று இதய வைத்தியர் சொன்னார். அடுத்த பனிக்கே தொட்டேன். அவருடைய கிளினிக் வாசலில்தான் தொட்டேன்.

இவற்றில் ஒன்றுக்கும் யாரும் எனக்குச் சால்வை போர்த்தவில்லை. எங்கள் ஊர்ச் சங்கத்தார் பெயருக்கு முன்னால் டொக்டர் என்று போட்டவரைக் கண்டால் போதும், அவர் மாட்டு டொக்டரா மனித டொக்டரா என்றுகூடக் கேட்காமல் போர்த்திவிடுவார்கள். போர்த்தட்டும். அந்தச் சால்வை ஸ்காபரோக் குளிருக்குக் காணாது.

ஆனால் ஒன்றை மட்டும் விட முடியாது. இந்த நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில், விஞ்ஞானக் கட்டடத்துக்கு முன்னால், மூன்று றெட்வூட் மரங்கள் நிற்கின்றன. அவற்றுக்குப் போன இலையுதிர் காலத்தில் வெண்கலப் பலகை ஒன்று திறந்தார்கள். யார் நட்டது, யார் ஆராய்ந்தது, எந்தத் தலைவர் பலகையைத் திறந்தது எல்லாம் அதில் இருக்கிறது. நான் இல்லை. அந்த மரங்கள் இன்றைக்கு நிற்பது என்னால். அதற்கு மேலே இன்னொன்றும் இருக்கிறது. மூன்று மரங்கள் நடப்பட்டன என்று பலகை சொல்கிறது. நட்டது நான்கு. நான்காவது எங்கே போனது என்று பலகை திறந்த நாள்வரை தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் மூன்று பேர்: நான், என்னோடு வேலை செய்த மன்னார்த் தம்பி, என் மனைவி. என் பங்கைக் கேட்டு எழுதப் போனால் அதையும் எழுத வேண்டும். எழுதுகிறேன்.

முதலில் மரத்தைப் பற்றி. இராட்சத றெட்வூட் என்று அவர்கள் தங்கள் புத்தகங்களில் போட்டிருக்கிறார்கள். கலிபோர்னியாவில் நிற்கும் உண்மையான இராட்சதனை இங்கே கொண்டுவந்து வைத்தால் ஒரு மாசி மாதம் தாக்குப்பிடிக்காது. இவை அவனுடைய ஒன்றுவிட்ட சகோதரங்கள், சீனாவில் இருந்து வந்தவை. இவையும் லேசுப்பட்டவை அல்ல. ஐந்து மாடிக் கட்டடத்தின் கூரையை எட்டிப் பார்க்கின்றன. அடி பருத்து, புடைத்து, மடிப்பு மடிப்பாக இருக்கும். பட்டை செம்மண் நிறத்தில் நார் நாராக உரியும். இலை ஊசி மாதிரித்தான், ஆனால் கையில் எடுத்தால் கோழிக்குஞ்சின் இறகு போல மெத்தென்றிருக்கும். மாணவர்கள் மரத்தைக் கட்டிப்பிடித்துப் படம் எடுக்கிறார்கள். எங்கள் சனம் கலியாணச் சோடிகளைக் கூட்டிக்கொண்டு வந்து, மேலே ட்றோனைப் பறக்கவிட்டு, மாப்பிள்ளையை மரத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்துப் பெண்ணைத் தேட விடுகிறார்கள். அந்த மரத்தின் காலடியில் யார் எத்தனை பனிக்காலம் நின்றான் என்று அவர்களுக்கு என்ன தெரியும்.

முப்பது வருடத்துக்கு முந்திய கதை. அந்த வளாகத்தின் புல்லும் பனியும் எனக்குக் கிடைத்த முதல் வருடம். அதற்கு முந்திய தை மாதம் நான் வேறொரு வேலை செய்திருந்தேன். கிறிஸ்மஸ் என்கிற நத்தார் முடிந்த பிறகு சனம் வீட்டு வாசலில் எறிந்துவிடும் நத்தார் மரங்களைச் சேர்த்து, அரைக்கும் இடத்துக்குக் கொண்டுபோய்க் கொட்டும் வேலை. ஆயிரக்கணக்கில் தூக்கியிருப்பேன். ஊசி இலை மரம் பச்சையாக இருந்தால் உயிர், பழுத்துக் கொட்டினால் பிணம். என்னுடைய ஐந்து வகுப்புக்கு மேலே அதுதான் ஆறாவது வகுப்பு. அதில் நான் திறமையாகப் பாஸ் பண்ணியவன் என்ற எண்ணம் எனக்கு.

அந்த வசந்தத்தில்தான் நான்கு றெட்வூட்களையும் நட்டிருந்தார்கள். இரண்டு ஆள் உயரம், என் காலளவு தடிப்பு. நட்ட பேராசிரியர் அந்தக் கோடையிலேயே ஓய்வு பெற்று வேறு மாகாணத்துக்குப் போய்விட்டார். வெளிவேலைகளுக்குப் பொறுப்பான மேலாளர் அந்த வருடம்தான் புதிதாக வந்தவர், வெள்ளைக்காரர். முன்பு கார் நிறுத்துமிடங்களைப் பார்த்தவர். கோல்ஃப் வண்டியை விட்டு இறங்கினால் பூமி சுட்டுவிடும் என்பது போல அதிலேயே இருப்பார். கோடை முழுக்க அந்த நான்கு மரங்களையும் சுற்றிப் புல் வெட்டினேன். அடியில் ஒரு தகரத் துண்டில் பெயர் இருந்தது. அதைப் புல் வெட்டும் மிசின் மடித்துச் சேற்றில் அழுத்தியிருந்தது. மிசினை ஓட்டியது யார் என்று கேட்க வேண்டாம்.

கார்த்திகை மாதம் நான்கும் செங்கல் நிறமானது. ஒரே கிழமையில், ஏழு நாளில், கொட்டியது. பக்கத்தில் நின்ற பைன் மரங்கள் எல்லாம் பச்சை, இவை நான்கும் மொட்டைக் கம்பு. நான் புதிய ஆள். கண்ணைத் திறந்து வேலை செய்கிறவன் என்று காட்ட வேண்டும். கோல்ஃப் வண்டிக்குப் பக்கத்தில் போய், நான்கு மரம் செத்துவிட்டன என்று சொன்னேன். அவர் தூரத்தில் இருந்தபடியே பார்த்தார், தலையாட்டினார், எழுதிக்கொண்டார்.

ஆகவே முதல் வாக்குமூலம் இது. செத்துப்போனது என்று முதலில் சொன்ன வாய் என்னுடையது.

எட்டாம் நாள் கடுதாசி வந்தது. நான்கு மரங்களையும் நிலம் உறைவதற்கு முன் வெட்டி அகற்றவும் என்று இருந்தது. கீழே மூன்று கையெழுத்து. மூன்றுக்கும் பக்கத்தில் பட்டங்கள், எழுத்துக்கள், புள்ளிகள். ஒருவர்கூட வந்து பார்க்கவில்லை. மரங்கள் நின்ற இடம் விஞ்ஞானக் கட்டடத்தின் வாசல், அதைத்தான் கவனிக்க வேண்டும். உள்ளே இலையையும் வேரையும் பற்றி வாழ்நாள் முழுக்கப் படித்தவர்கள் மாடி மாடியாக இருந்தார்கள். யன்னல் திரையை விலக்கிப் பார்த்தால் போதும். ஒருவருக்கும் கழுத்துத் திரும்பவில்லை.

மரத்தில் தோடம்பழ ஆரஞ்சு நிறப் பெயின்ற்றால் குறி போட்டார்கள். அடுத்த நாள் காலை நானும் மன்னார்த் தம்பியும் மிசின் வாளோடு போனோம். தம்பி என்கிறேனே தவிர அவன் என்னைவிட மூன்று வயதுதான் இளமை. வேதக்காரன், ஞாயிற்றுக்கிழமை என்ன பனி கொட்டினாலும் சேர்ச் பூசைக்குப் போய்விட்டுத்தான் சவல் எடுப்பான், மற்ற நாட்களில் இரண்டு ஆள் வேலை செய்வான்.

காலளவு தடிப்பான மரத்துக்கு மிசின் வாள் எவ்வளவு நேரம் எடுக்கும்? நான் யோசிக்கத் தொடங்குவதற்குள் மரம் விழுந்துவிட்டது. வாளை நிறுத்தியபோது என் காற்சட்டை ஈரமாக இருந்தது. நத்தார் மரத்தை அறுத்தால் தூள் பறக்கும். இதன் தூள் பறக்கவில்லை, ஈரமாக ஒட்டியது. மன்னார்த் தம்பி குந்தியிருந்து அடிக்கட்டையைத் தடவினான். பட்டைக்கு உள்ளே சுற்றிவரப் பச்சை வளையம்.

"அண்ணை, வாளை வையுங்கோ," என்றான். "செத்த ஆளுக்கு வேர்க்குதெண்டால் பெட்டியை மூடுறதோ?"

நான் வான் திறப்புச் சாவியை எடுத்து மற்ற மூன்றின் பட்டையையும் சுரண்டினேன். மூன்றும் பச்சை. கொப்புகளில் சோடி சோடியாக மிளகளவு மொட்டுக்கள் இருந்தன. செத்த மரம் அடுத்த வருடத்துக்கு ஆயத்தம் செய்யுமா? சேற்றைக் கிளறி அந்தத் தகரத்தை எடுத்து, காற்சட்டையில் துடைத்து, வானை எடுத்துக்கொண்டு பொது நூலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த பெண் என் சப்பாத்துச் சேற்றைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை, இதையும் எழுத வேண்டும். தகரத்தை வாங்கிப் பார்த்துவிட்டு ஒரு தடித்த புத்தகத்தைக் கொண்டுவந்து விரித்தாள். ஊசி இலை மரங்களில் சில ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் இலையைக் கொட்டும், இது அதில் ஒன்று என்று அதில் இருந்தது. பக்கத்தைப் பிரதி எடுத்துத் தந்தாள். மூன்று தரம் வாசித்தேன். விளங்கவில்லை என்று அல்ல. விளங்கிவிட்டது என்றுதான்.

அந்தப் பிரதியோடு மேலாளரிடம் ஓடினேன். அவர் நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். புத்தகம் வேறு, கையெழுத்து வேறு என்றார். பிறகு நல்ல மனிதராகக் கையெழுத்துப் போட்டவர்களைக் கேட்டும் பார்த்தார். ஒருவர் லீவில். ஒருவர் மரம் தன்னுடைய பகுதிக்குள் வராது என்றார். கையெழுத்து மட்டும் எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. மூன்றாமவர், மரங்கள் உயிரோடு இருக்கின்றன என்று தகுதியுள்ள ஒருவர் அறிக்கை தந்தால் யோசிக்கலாம் என்றாராம். இதைக் கேட்டு எனக்கு வந்த சிரிப்பை நான் மேலாளரின் முகத்துக்கு நேரே சிரிக்காமல் வானுக்குள் போய்ச் சிரித்தேன். செத்துவிட்டது என்று நான் பிழையாகச் சொன்னபோது என் தகுதியை யாரும் கேட்கவில்லை. எட்டு நாளில் மூன்று கையெழுத்து. உயிரோடு இருக்கிறது என்று சரியாகச் சொன்னவுடன் தகுதி எங்கே என்கிறார்கள். படித்தவர்கள் மேல் எனக்கு இருக்கிற மரியாதை அன்றைக்கு எந்த அளவில் நின்றதோ, இன்றைக்கும் அதே அளவில்தான் நிற்கிறது.

வெட்டாவிட்டால் வேறு ஆளைக் கூப்பிடுவேன் என்றார் மேலாளர். சரி, வெட்டுகிறேன் என்றேன். அன்று மத்தியானம் மிசின் வாளின் சங்கிலியைக் கழற்றி வான் இருக்கைக்குக் கீழே போட்டேன். சங்கிலி அறுந்துவிட்டது, இந்த மொடலுக்கு அமெரிக்காவில் இருந்து வரவேண்டும் என்று சொன்னேன். என்ன மொடல் என்று அவர் கேட்டால் சொல்லவும் ஒரு பெயர் யோசித்து வைத்திருந்தேன். கேட்கவில்லை. கோல்ஃப் வண்டிக்காரருக்கு வாளைப் பற்றி என்ன தெரியும். முதல் கிழமை கேட்டார், சங்கிலி வரவில்லை. இரண்டாம் கிழமை கேட்டார், எல்லையில் நிற்கிறது என்றேன். மூன்றாம் கிழமை முழங்காலளவு பனி கொட்டியது. அதற்குப் பிறகு மரத்தைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. பனி கொட்டினால் இந்த ஊரில் கடவுளுக்கு அடுத்ததாக நான்தான்.

விழுந்த மரத்தை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். துண்டுகளாக வெட்டி வானில் ஏற்றினேன். அடிக்கட்டையை இரண்டு பேரும் தோண்டி எடுத்தோம். குழியை மூடி மண் நிரவினோம். வசந்தத்தில் அதன்மேல் புல் விதைத்தேன். என் வேலை சுத்தமான வேலை. அங்கே ஒரு மரம் நின்றது என்று சொல்ல ஒரு பள்ளம்கூட இல்லை.

அந்தப் பனிக்காலம் நான் அந்த மூன்று மரங்களுக்கும் காவல் இருந்தேன். பனிக்காரன் மட்டுமே அறிந்த விசயம் ஒன்று இருக்கிறது. நடைபாதையில் போடுகிற உப்பு பனியோடு கலந்து, தள்ளிக் குவிக்கிற இடத்தில் மண்ணுக்குள் இறங்கி வேரைத் தின்றுவிடும். இந்த நகரத்தில் ரோட்டோரத்து மரங்கள் பல அப்படித்தான் போகின்றன. நான் அந்த வாசலுக்கு உப்புப் போடவில்லை. மணல் போட்டேன். உப்புப் பட்ட பனியை மறுபக்கம் தள்ளச் செய்து, மைதானத்தில் இருந்து உப்புப் படாத சுத்தமான பனியைச் சவலால் அள்ளி வந்து மூன்றின் காலடியிலும் குவித்தேன். பனி போர்வை மாதிரி. வெளியே மைனஸ் இருபது என்றாலும் அதற்குக் கீழே வேர் உறையாது. "பனியை எல்லாரும் தள்ளி எடுப்பினம், நீங்கள் கொண்டுவந்து கொட்டுறியள் அண்ணை," என்று மன்னார்த் தம்பி நெடுகப் பகிடி பண்ணுவான். பகிடி பண்ணிக்கொண்டே அள்ளுவான்.

சித்திரை பிறந்தது. வளாகத்தில் எல்லா மரமும் துளிர்த்தது. இவை மூன்றும் மொட்டைக் கம்பு. மேலாளர் கோல்ஃப் வண்டியில் வந்து, சங்கிலி வந்துவிட்டதா என்று கேட்டார். இந்த முறை சிரித்துக்கொண்டு கேட்டார். வைகாசியில் மூன்று நாள் லீவு வரும் நீண்ட வார இறுதிக்கு முன் வெட்டவேண்டும் என்று நாள் குறித்தார். ஒவ்வொரு நாளும் வேலைக்கு முன் அந்த மரங்களடியில் போய் நிற்பேன். நூலகப் புத்தகத்தில் எப்போது துளிர்க்கும் என்று போட்டிருக்கவில்லை. பனிக்காலத்தில் நானே கொன்றுவிட்டேனோ என்றும் நினைத்தேன். இதை அப்போது யாருக்கும் சொல்லவில்லை. நாள் குறித்ததற்கு ஐந்து நாள் முன்னால், ஒரு மழைக்கு அடுத்த காலை, கொப்பெல்லாம் பச்சைப் புகை படிந்தது போல இருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். புகை இல்லை, இலை.

மேலாளர் வந்து பார்த்தார். நல்லது, தண்ணீர் ஊற்று என்றார். அவ்வளவுதான். மூன்று கையெழுத்துப் போட்ட கடுதாசி எங்கே போனதென்று தெரியாது. நான்காவது மரத்தைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு இருபத்தியிரண்டு பனிக்காலம் அந்த வாசலுக்கு உப்புப் போடாமல் பார்த்துக்கொண்டேன். நான் கொம்பனி வேலையை விட்டபோது அந்த வாசலை மன்னார்த் தம்பியிடம் ஒப்படைத்தேன். அவன் இப்போது தன் சொந்த ஆட்களோடு அந்த வாசலுக்கு மணல்தான் போடுகிறான்.

பலகை திறப்பதை அவன்தான் ரெலிபோனில் சொன்னான். எனக்கு அழைப்பு இல்லை. அழைப்பில்லாத இடத்துக்குப் போவது எனக்குப் புதிது அல்ல, இந்த நாட்டுக்கே அப்படித்தான் வந்தேன். மனைவியையும் கூட்டிக்கொண்டு அஜக்ஸில் இருந்து 401 நெடுஞ்சாலையால் போனேன். மடக்குக் கதிரைகள், சின்னச் சின்னக் கப்பில் பழரசம், கோட்டுப் போட்ட கூட்டம். நான்காவது மரம் நின்ற இடத்தில் கல்லால் ஒரு இருக்கை போட்டிருந்தார்கள். தலைவர் அதில் இருந்துதான் கைதட்டினார். தாவரம் படித்த பேராசிரியை ஒருவர் பேசினார். பல்கலைக்கழகத்தின் நீண்டகாலக் கவனிப்பால் இந்த மூன்று மரங்களும் இந்தக் குளிரை வென்றன என்றார். கவனிப்பு என்ற சொல்லை ஐந்து தரம் சொன்னார். எண்ணினேன். ஒரு தரமாவது சவல் என்று சொல்வார் என்று காத்திருந்தேன்.

கூட்டம் கலைந்ததும் நேரே அவரிடம் போனேன். என் ஆங்கிலம் உப்பு மூட்டை ஆங்கிலம் என்றாலும் மனிதருக்கு விளங்கும். நட்டது மூன்று அல்ல, நான்கு என்றேன். மூன்றைக் காப்பாற்றியது நான் என்றேன். அந்த மனுசி கெட்டவர் இல்லை. கையிலிருந்த கப்பைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். தங்கள் பதிவுகளில் மூன்றுதான் இருக்கிறது, உங்களிடம் ஏதும் ஆதாரம் இருக்கிறதா என்றார். மூன்று கையெழுத்துப் போட்ட கடுதாசி உங்களிடம்தான் இருக்க வேண்டும், தேடுங்கள் என்றேன். எழுதிக்கொண்டார். பிறகு தலையை நிமிர்த்தி ஒரு கேள்வி கேட்டார்.

"நான்காவதை யார் வெட்டியது?"

அங்கே வந்திருந்த மன்னார்த் தம்பி எனக்குப் பின்னால் நின்று என் கோட்டைப் பிடித்து இழுத்தான். "வாயைத் திறக்காதேங்கோ அண்ணை," என்றான் மெதுவாக. சுற்றிவரக் கோட்டுகள். பிள்ளைகளின் வயதுள்ள நாலைந்து பேர் படம் பிடிக்க ரெலிபோனைத் தூக்கி வைத்திருந்தார்கள். இவ்வளவு காலமும் யாருக்கும் தலை குனியாத நான் சொன்னேன்: யாரோ ஒரு கொன்ராக்ற் கொம்பனி.

அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

திரும்பும்போது விட்பி போகிற சனமெல்லாம் 401-இல் எனக்கு முன்னால்தான் நின்றது. பிக்கறிங் வந்தபோது என் மனைவி முன்கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டாள்.

"இஞ்சேருங்கோ, மூண்டைக் காப்பாத்தினது நீங்கள். ஒண்டை வெட்டினது கொம்பனியோ?"

"கொம்பனியும் நான்தானே."

"அப்ப அதை அங்க சொல்லியிருக்கலாம்."

நான் றேடியோவைப் போட்டேன். அவள் நிறுத்தினாள்.

மூத்த மகள் சட்ட அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறாள். அப்பா, வெட்டின கதையை எழுதாதேங்கோ, மெயின்ரெய்ன் பண்ணினனான் எண்டு மட்டும் போடுங்கோ என்று சொல்லி, ஆங்கிலத்தில் அழகான கடிதம் ஒன்று எழுதி அனுப்பினாள். இரண்டு கிழமையில் பதில் வந்தது. உங்கள் ஆர்வத்துக்கு நன்றி. சமூக நினைவுகளுக்கென்று எங்கள் இணையத்தளத்தில் ஒரு பக்கம் இருக்கிறது, அதில் நீங்கள் உங்கள் அனுபவத்தைப் பகிரலாம். போய்ப் பார்த்தேன். அந்த மரத்தடியில் தனக்குக் காதல் வந்தது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அணில் ஒன்று தன் சாண்ட்விச்சைத் தூக்கிக்கொண்டு போனது என்று இன்னொருவர். அணிலுக்குக் கீழே என்னைப் போடப் போகிறார்கள்.

அந்தக் கடிதத்துக்கு அந்தப் பதில் போதும். முழுதாகச் சொல்லாத கடிதம் அது. பாதியைச் சொல்லிக்கொண்டு போகிறவனுக்குப் பலகையில் இடம் கிடைக்காது, அணிலுக்குப் பக்கத்து இடம்தான் கிடைக்கும். மகளின் ஆங்கிலம் என்னுடைய வாயை மூடியிருந்தது. ஆகவே என் தமிழில் இதை எழுதுகிறேன். மொழிபெயர்க்க ஆள் வேண்டுமென்றால் பல்கலைக்கழகத்தில்தான் எல்லாவற்றுக்கும் ஒரு பகுதி இருக்கிறதே, அவர்கள் பிடிக்கட்டும்.

பேராசிரியை அம்மா, நீங்கள் அன்றைக்கு எழுதிக்கொண்டதில் ஒரு வரி பொய். அதை வெட்டிவிடுங்கள். நான்காவதை வெட்டிய கொன்ராக்ற் கொம்பனி நான். செத்துவிட்டது என்று முதலில் சொன்னதும் நான். உயிரோடு இருக்கிறது என்று உங்கள் மேலாளரிடம் முதலில் சொன்னதும் நான். சங்கிலியைக் கழற்றியதும், பொய் சொன்னதும், பனி அள்ளிக் கொட்டியதும் நான், என்னோடு ஒரு மன்னார்க்காரன். உங்கள் வளாகத்தில் அந்த வருடம் அந்த மரங்களைத் தொட்டுப் பார்த்த மனிதர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

எனக்குச் சால்வை வேண்டாம், பழரசம் வேண்டாம், இணையத்தளத்தில் பக்கம் வேண்டாம். அந்த வெண்கலப் பலகையைக் கழற்றுங்கள். மூன்று என்பதை அழித்து நான்கு என்று போடுங்கள். நான்கில் ஒன்றை வெட்டியவனும் மூன்றைக் காத்தவனும் ஒரே ஆள் என்று போட்டு, அதன் கீழே என் பெயரை, நட்டவரின் பெயர் எந்த அளவு எழுத்தில் இருக்கிறதோ அதே அளவு எழுத்தில் போடுங்கள். மன்னார்த் தம்பியின் பெயரையும் போடுங்கள். மூன்று கையெழுத்துக்காரரின் பெயர்களைப் போடுவதும் விடுவதும் உங்கள் விருப்பம். என்னுடையதை விடுவது உங்கள் விருப்பம் இல்லை.